இரவில் நின்றுபோன பம்பி

மாத்தளையிலிருந்து இறத்தோட்டை வழியாக ஏறும் வளைந்த பாதை ரிவர்ஸ்டனை அடையும்போது, முதலில் நம்மை வரவேற்பது காற்று. அடுத்தது பனிமூட்டம். மூன்றாவது தண்ணீர். பாதையின் ஒரு பக்கத்தில் மலையிலிருந்து கசிகிறது. மறுபக்கத்தில் பள்ளத்தாக்கை நோக்கி ஓடுகிறது. இந்தச் சரிவுகளின் நீரைச் சேர்த்துக்கொண்டு ஓடும் தெல்கமு ஓயாவும் களுகங்கையும் அம்பன்கங்கையை அடைந்து, அதனூடாக மகாவலியில் கலக்கின்றன. நக்கிள்ஸ் மலைத்தொடரின் ஒரு பகுதியான இக்காடு 2010 ஆம் ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

இத்தகைய ஓர் இடத்தில் தண்ணீரை வெளியேற்றும் பம்பியைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அதுவும் அந்தப் பம்பி பாய்மரப் படகுக்கென்று செய்யப்பட்டது என்றால் வியப்பு இன்னும் கூடும். ஆனால் மண்சரிவில் வீடிழந்து, வெட்டிய மேட்டின் அடியில் தகரக் கொட்டில் போட்டு வாழும் ஒரு குடும்பத்திற்கும், நங்கூரமிட்டு நிற்கும் ஒரு படகுக்கும் ஒரு பொது ஆபத்து உண்டு. இரண்டிலும் தண்ணீர் சத்தமில்லாமல், ஆட்கள் உறங்கும் நேரத்தில் உள்ளே வருகிறது.

ஒரு மார்கழி விடியல்

சில ஆண்டுகளுக்கு முன், ரிவர்ஸ்டனின் கீழ்ச்சரிவில் மண்சரிவினால் இடம்பெயர்ந்த சில விவசாயக் குடும்பங்கள் தற்காலிகமாகக் குடியிருந்தன. அவர்களின் பொதுக் களஞ்சியக் கொட்டில் மேட்டை வெட்டிய தளத்தில் இருந்தது. பின்னால் மண் சுவரிலிருந்து எப்போதும் நீர் கசியும். அதைச் சேர்க்கக் கொட்டிலின் மூலையில் ஓரடிச் சதுரத்தில் ஒரு குழி வெட்டி, அதற்குள் ஒரு சிறிய 12 வோல்ற்றுப் பம்பியை இறக்கியிருந்தோம். ஒரு நலன்விரும்பி தந்த பம்பி அது. படகின் அடியில் தேங்கும் நீரை இறைப்பதற்கென்று செய்யப்பட்டது. சூரியப் பலகை ஒன்று, பற்றரி ஒன்று, முப்பது அடி நீளமான ஒரு அங்குலக் குழாய் ஒன்று. குழியில் நீர் ஏறினால் மிதவை உயரும், ஆளி மூடும், பம்பி ஓடும். நீர் இறங்கினால் மிதவை தாழும்; பம்பி நிற்கும். எவரும் பார்த்திருக்கத் தேவையில்லை என்று நான் பெருமையாகச் சொல்லிவைத்தேன்.

மார்கழி மாதம், மூன்று நாள் அடைமழை. நான்காம் நாள் விடியலில் கொட்டிலுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். மாதர் சங்கக் கடனில் வாங்கிய போஞ்சி விதை, ஐந்து மூடை பசளை, தக்காளி நாற்றுத் தட்டுகள் எல்லாம் அதற்குள். யூரியா மூடைகள் பாதியாகக் கரைந்திருந்தன.

"மோட்டர் எரிஞ்சு போச்சு, மாத்தளைக்கு ஆள் அனுப்பி வேற வாங்குவோம்" என்றேன். அங்கிருந்த ஒரு பெரியவர் என்னைத் தடுத்தார். திருகோணமலையில் பல வருடம் படகுகளில் வேலை செய்தவர். மகள் குடும்பத்தோடு இங்கே வந்து தங்கியிருந்தார். "சுவாமி, அவசரப்பட்டுக் காசைக் கரைக்காதேங்கோ. பம்பி எரியிறது கடைசியாத்தான். முதல்ல அதுக்குச் சாப்பாடு போகுதோ எண்டு பாப்பம்" என்றார்.

அன்று அவர் செய்து காட்டிய வரிசையையே இக்கட்டுரை விளக்குகிறது.

படகில் இந்தப் பம்பி ஏன்?

எந்தப் படகும் சிறிதளவு தண்ணீரை உள்ளே விடும். மழைநீர் விழும், பலகை இணைப்பில் கசியும், இயந்திரம் உள்ள படகில் சுழல்தண்டு வெளியே போகும் துவாரத்தில் சொட்டும். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு, அவ்வூர் மாலுமிகளுடன் 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை சென்ற 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலின் காலத்தில், அடித்தண்ணீரைக் கவனிப்பது முழுக்க மனிதரின் வேலை. இன்று அந்த வேலையைச் சிறு மோட்டரும் மிதவையும் செய்கின்றன.

ஆனால் கசிவின் வேகத்தை நாம் குறைவாக மதிப்பிடக் கூடாது. நீர்மட்டத்திற்கு இரண்டடி கீழே ஒரு அங்குல விட்டமுள்ள ஓட்டை விழுந்தால், நிமிடத்திற்கு ஏறக்குறைய 60 லீற்றர் தண்ணீர் உள்ளே பாயும். மணித்தியாலத்திற்கு 3,600 லீற்றர். ஆகவே இந்தப் பம்பி சொட்டுக் கசிவுக்கானது. உடைப்பை அடைப்பது மனிதனின் வேலை.

பெட்டியில் எழுதியுள்ள அளவையும் அப்படியே நம்பக் கூடாது. அது பெரும்பாலும் உயரமே இல்லாமல், முழுப் பற்றரியில் அளந்த அளவு. ஆறடி, எட்டடி உயரத்திற்கு ஏற்றும்போது வெளியே வரும் நீர் பெருமளவு குறையும். மேலும் அதில் கலன் என்று போட்டிருந்தால், அது 3.8 லீற்றர் கொண்ட அமெரிக்கக் கலனாக இருக்கலாம். நம் பெரியோர் அறிந்த கலன் 4.5 லீற்றர். சரியான அளவை அறிய ஒரு 20 லீற்றர் கானை நிரப்பி நேரம் பாருங்கள். 40 செக்கனில் நிரம்பினால் உங்கள் பம்பி மணித்தியாலத்திற்கு 1,800 லீற்றர் தருகிறது.

பெரியவர் காட்டிய வரிசை

முதலாவது, மிதவையைக் கையால் உயர்த்திப் பார்த்தல். எங்கள் பம்பி மெல்ல முனகியது, தண்ணீர் வரவில்லை. முனகல் ஒரு நல்ல செய்தி. மோட்டர் உயிரோடு இருக்கிறது, மிதவை ஆளியும் வேலை செய்கிறது என்று அதனால் தெரிந்தது. முனகலே இல்லாதிருந்தால் உருகியையும், ஆளியையும், அறுந்த வயரையும் தேடியிருக்க வேண்டும்.

இரண்டாவது, விசிறியைப் பார்த்தல். பம்பியின் அடிக்கூடையைக் கழற்றினோம். இலைச் சருகும் நார்த்துண்டும் இருந்தன. ஆனால் விசிறி விரலால் தடையின்றிச் சுழன்றது. துப்புரவு செய்து மீண்டும் பூட்டினோம். அப்போதும் முனகல்தான்.

மூன்றாவது, பற்றரியைப் பார்த்தல். ஓய்வாக இருக்கும் நிரம்பிய ஈய அமிலப் பற்றரி 12.6 வோல்ற்றுக்கு மேல் காட்டும். 12.2 என்றால் ஏறக்குறைய அரைவாசி. 12 க்குக் கீழே போனால் அநேகமாக வெறுமை. எங்களுடையது 12.0 காட்டியது. களைத்திருந்தது, ஆனால் இறக்கவில்லை.

நான்காவது, பம்பியின் வாயில் வோல்ற்றளவைப் பார்த்தல். இதுதான் பலர் செய்யாமல் விடும் வேலை. மிதவையை உயர்த்திப் பிடித்தபடி பம்பிக்குப் பக்கத்தில் அளந்தபோது 8 வோல்ற்றே இருந்தது. அதே நேரத்தில் பற்றரியில் 11.7. இடையில் ஏறத்தாழ 4 வோல்ற்று வழியிலேயே தொலைந்திருந்தது. அரை வோல்ற்றுக்கு மேல் குறைந்தாலே அந்த வழியில் நோய் இருக்கிறது என்று கொள்ள வேண்டும்.

நோய் எங்கே என்று தேடினோம். குழிக்குள், நீர்மட்டத்திற்குக் கீழே, இரண்டு வயர்களை முறுக்கிக் கறுப்பு ரேப் சுற்றிய ஓர் இணைப்பு இருந்தது. அதைச் சுற்றியவன் நானேதான். ரேப்பைப் பிரித்தபோது செம்பு பச்சைத் தூளாகியிருந்தது. பழுதான பகுதியை வெட்டியெறிந்து, பளபளக்கும் செம்பு வரும்வரை சுரண்டி, இறுக்கமாக இணைத்து, ஈயம் பற்றவைத்து, கிறீஸ் பூசி, நீர் ஏற முடியாத உயரத்தில் கூரைக்கம்பில் கட்டினோம். மிதவையை உயர்த்தியதும் பம்பி பாய்ந்து இறைத்தது.

மல்ரிமீற்றர் இல்லாதவர்கள் கவலைப்படத் தேவையில்லை. முச்சக்கரவண்டியின் 12 வோல்ற்றுப் பிரேக் பல்ப் ஒன்றுக்கு இரண்டு வயர் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். பற்றரியில் பிரகாசமாக எரிந்து, பம்பியின் வாயில் மங்கினால் இடையில் உள்ள இணைப்பே குற்றவாளி.

அதோடு முடியவில்லை

எல்லோரும் கைதட்டினோம். பெரியவர் மட்டும் எழும்பவில்லை. குழியருகே ஒரு மூடையைப் போட்டு உட்கார்ந்து அரை மணித்தியாலம் பார்த்தார். வெள்ளம் வடிந்த பிறகும் பம்பி ஓடியது, நின்றது. சற்று நேரத்தில் மறுபடி ஓடியது, நின்றது.

அப்போதுதான் ஒரு தாய் சொன்னார்: "மூணு கிழமையா அது ராவெல்லாம் விட்டு விட்டு இருமிக்கிட்டே கெடந்துச்சு சாமி. நல்லா வேல செய்யுதுன்னு நெனச்சோம்."

உண்மையான காரணம் அந்த இருமல்தான். பம்பி நின்றவுடன் குழாயில் நின்ற தண்ணீர் முழுவதும் குழிக்கே திரும்பி விழுந்தது. முப்பது அடி நீளமான ஒரு அங்குலக் குழாயில் சுமார் 4.6 லீற்றர் தண்ணீர் நிற்கும். ஓரடிச் சதுரக் குழியில் அது ஏறக்குறைய இரண்டு அங்குலம் உயரும். அந்த இரண்டு அங்குலம் மிதவையை மறுபடி உயர்த்தப் போதுமானது. எனவே ஒரே தண்ணீரைப் பம்பி இரவிரவாக ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. மூன்று அம்பியர் இழுக்கும் பம்பி இடைவிடாது ஓடினால் நாளொன்றுக்கு 72 அம்பியர் மணி வேண்டும். 60 அம்பியர் மணிப் பற்றரி ஒருநாள் தாங்காது. எங்களுடையது விட்டு விட்டு ஓடியதால் பல நாள் தாங்கியது. வெயில் இல்லாத மூன்று நாட்களில் பற்றரி களைத்தது. பழுதான இணைப்பு மிச்சத்தையும் தின்றது. பெருமழை வந்த இரவில் பம்பிக்குப் பலமில்லை.

"குழாயில ஒரு வால்வு போடுவமா?" என்று இளைஞர் ஒருவர் கேட்டார். புட்வால்வை எல்லா விவசாயிகளும் அறிவோம். ஆகவே அது நல்ல யோசனையாகவே பட்டது. பெரியவர் தலையசைத்தார். "தம்பி, ஊத்தைத் தண்ணியில வால்வு ஒருநாள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் ஒரு சொட்டும் வெளியே போகாது. படகிலேயும் நாங்கள் இதுக்குப் போடுறதில்லை." வால்வு குழாயில் நீரைத் தாங்கி நிற்கும்போது, பம்பிக்குள் அகப்பட்ட காற்று வெளியேற வழியின்றிப் போவதும் உண்டு. அப்போது விசிறி காற்றில் சுற்றும், நீர் ஏறாது.

மண்வெட்டியே மருந்தாயிற்று. குழியை இரண்டடிச் சதுரமாக அகலித்தோம். பரப்பு நான்கு மடங்காகியது. திரும்பி விழும் அதே தண்ணீர் இப்போது அரை அங்குலமே உயர்த்தியது. மிதவை அசையவில்லை. இருமல் நின்றது. செலவு எதுவுமில்லை.

எந்தக் குணத்திற்கு எந்தக் காரணம்?

*பம்பி சிறிதும் அசையவில்லை.* உருகியைப் பாருங்கள். உருகி நல்லதாயிருந்தாலும் அது இருக்கும் கூடு கறள் பிடித்திருக்கலாம், சுரண்டித் துடையுங்கள். பின்னர் பம்பியின் இரு வயரையும் நேரே பற்றரியில் தொட்டுப் பாருங்கள். ஓடினால் பம்பி நல்லது, நோய் இடைவழியில். ஓடாவிட்டால் மட்டுமே பம்பியை மாற்ற யோசியுங்கள்.

*நேரே கொடுத்தால் ஓடுகிறது, தானாக ஓடவில்லை.* மிதவை ஆளியைச் சந்தேகியுங்கள். இலை, சேறு, எண்ணெய்ப் பிசுக்கு அதைக் கீழேயே பிடித்திருக்கலாம். கழுவியும் சரிவராவிட்டால் மிதவை ஆளியின் இரு வயரையும் ஒன்றோடொன்று தொடுங்கள். பம்பி ஓடினால் ஆளி பழுது. அதை மட்டும் மாற்றினால் போதும்.

*ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை.* அடிக்கூடை அடைப்பு, குழாய் மடிப்பு, காற்று அடைப்பு ஆகியவற்றைப் பாருங்கள். குழாய் நடுவில் தொய்ந்து மறுபடி ஏறினால் அத்தொய்வில் தேங்கும் நீர் காற்றை அடைக்கும். தொடர்ந்து ஏறும்படி கட்டுங்கள். புதிதாகப் பூட்டிய பம்பி பலவீனமாக இறைத்தால் நேர், எதிர் வயர்கள் மாறியுள்ளனவா என்று பாருங்கள். மாறினால் விசிறி எதிர்ப்பக்கமாகச் சுற்றும். சத்தம் இருக்கும், பலன் இருக்காது.

*நிற்காமல் ஓடுகிறது.* மிதவை மேலே சிக்கியிருக்கலாம். அல்லது உள்ளே வரும் நீர் வெளியே போவதற்குச் சமமாயிருக்கலாம். முதலாவதில் பற்றரி சாகும், வெறுமையில் ஓடும் பம்பியும் கெடும். இரண்டாவதில் உடனே வேறு வழி தேட வேண்டும். பாய்மரப் படகில் மூன்றாவது காரணமும் உண்டு: காற்றில் படகு சாயும்போது குழாயின் வாய் கடலுக்குள் அமிழ்ந்து, வெளித் தண்ணீரையே உள்ளே இழுக்கும். குழாயின் வாய் எந்த வெள்ளத்திலும் அமிழாத உயரத்தில் இருக்க வேண்டும் என்பது நமக்கும் பொருந்தும்.

*உருகி அடிக்கடி எரிகிறது.* விசிறியில் ஏதோ சிக்கியுள்ளது, அல்லது வயர் எங்கோ உரசுகிறது. சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளையோ தடித்த கம்பியையோ உருகிக்குப் பதிலாக வைக்கவே வேண்டாம். உருகி எரிவது நம் கொட்டில் எரியாமலிருக்கத்தான்.

இங்கு சொன்ன சோதனைகள் 12 வோல்ற்றுப் பம்பிக்கு மட்டுமே உரியவை. வீட்டு மின்சாரத்தில், 230 வோல்ற்றில் ஓடும் பம்பியாயின், மின்சாரத்தை முற்றாகத் துண்டிக்காமல் தண்ணீரில் கையையோ காலையோ வைக்கக் கூடாது. அதன் பழுதை மின்வேலை தெரிந்தவரிடமே விடுங்கள். சார்ஜ் ஏறும் பற்றரி எரியக்கூடிய வாயுவை வெளிவிடும். அதனருகே தீப்பொறி ஆகாது.

இறைத்த தண்ணீர் எங்கே போகிறது?

படகில் இறைத்த தண்ணீர் கடலுக்குப் போகிறது. மலையில் அப்படியல்ல. நம் கொட்டிலிலிருந்து இறைக்கும் தண்ணீரை அடுத்த சரிவில் வெறுமனே விட்டால், அது மண்ணில் ஊறி, கீழேயுள்ள வீட்டுக்காரரின் தலைக்கு மேல் பாரமாகிறது. மண்சரிவுக்கு வழிவிடும் காரணங்களில் ஊறிய நீரே முதன்மையானது. எனவே குழாயின் வாய் கல் அல்லது சீமெந்து பதித்த வடிகானில், அல்லது இயற்கை ஓடையில் முடிய வேண்டும். பசளை கரைந்த நீரைக் குடிநீர் ஊற்றுப் பக்கம் விடவும் கூடாது.

இன்னொன்றையும் மறவாதிருப்போம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையில் மாத்தளை உட்பட மலையக மாவட்டங்கள் பட்ட துயரத்தை நாம் அறிவோம். அதன்பின் வெட்டிய மேட்டின் அடியில் வாழும் குடும்பங்கள் கூடியிருக்கின்றன. வழமையாகத் தெளிவாக வரும் கசிவு திடீரெனச் சேறாக வந்தால், புதிய ஊற்று தோன்றினால் அல்லது இருந்த ஊற்று சட்டென நின்றால், நிலத்திலோ சுவரிலோ புது வெடிப்புக் கண்டால், மரங்கள் சாய்ந்தால், அது பம்பியால் தீரும் பிரச்சினையல்ல. பொருட்களை விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு உடனே பாதுகாப்பான இடத்திற்குச் செல்லுங்கள். பின் கிராம உத்தியோகத்தருக்கும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்திற்கும் அறிவியுங்கள்.

நாம் செய்யக்கூடியது

அந்த மார்கழியில் பசளையில் பாதியும் நாற்றுகளும் போயின. போஞ்சி விதையில் மேல்மூடைகள் இரண்டு தப்பின. அவற்றை எல்லாக் குடும்பங்களும் அளவாகப் பங்கிட்டு நட்டன. மாதர் சங்கம் கடன் தவணையை ஒரு போகம் தள்ளிவைத்தது. களஞ்சியத்தில் எல்லா மூடைகளும் இப்போது இரண்டடி உயரப் பரணில் இருக்கின்றன. பம்பி இருந்தாலும் பரண் வேண்டும் என்பது நாங்கள் விலைகொடுத்துக் கற்றது.

அன்றுமுதல் ஒரு முறை வைத்தோம். வாரம் ஒருமுறை ஒருவர் ஒரு வாளித் தண்ணீரைக் குழிக்குள் ஊற்றுவார். பம்பி தானாக எழும்ப வேண்டும், இறைக்க வேண்டும், தானாக நிற்க வேண்டும், நின்றபின் மறுபடி எழும்பக் கூடாது. இந்த நான்கும் சரியென்றால் கொட்டில் சுவரில் தேதியிட்டுக் கோடு போடுவார். மாதம் ஒருமுறை அடிக்கூடை கழுவப்படும். மழைக்காலத்திற்கு முன் இணைப்புகள் எல்லாம் திறந்து பார்க்கப்படும். பாடசாலைப் பிள்ளைகள் இதை விருப்பத்தோடு செய்கிறார்கள். பெரியவர்களைவிட அவர்கள் ஒரு கிழமையும் தவறவிடுவதில்லை.

எவரும் பார்த்திருக்கத் தேவையில்லை என்று நான் சொன்னது தவறு. தானாக இயங்கும் எதையும் யாராவது ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மூன்று வாரமாக அந்த இருமலைக் கேட்டிருந்த தாயிடம் ஒருமுறை விசாரித்திருந்தால், எங்கள் பசளை கரைந்திருக்காது. உங்கள் இடத்திலும் பம்பியின் சத்தம் மாறினால், அதை முதலில் கேட்பவர் அதன் அருகே உறங்குபவரே. அவர் சொல்வதைக் கேளுங்கள். பிறகு குழியருகே அரை மணித்தியாலம் உட்காருங்கள்.